கத்திக்கு இரையான கோடுகள்: மரவெட்டுக்காக வரைந்த மறுமலர்ச்சிக் காலப் படங்கள்

பிப்ரவரி 4

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஜெர்மன் ஓவியர் டூரர் வரைந்த தாள் ஓவியங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவர் பெயரில் வந்த மரவெட்டு அச்சுகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் இந்த அச்சுக்கு இதுதான் மூல வரைபடம் என்று பக்கத்தில் வைத்துக் காட்டக்கூடியவை மட்டும் ஏன் இவ்வளவு அபூர்வம்? தொலைந்துபோனதா, வரையவே இல்லையா?"

பிப்ரவரி 4, இரவு

வரைந்தார்கள். வரைந்ததையே வெட்டிவிட்டார்கள்.

மரவெட்டில் மை ஏற வேண்டிய கோட்டை மேடாக விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பேரிக்காய் மரம் மாதிரி நெருக்கமான இழையுள்ள மரத்தை நெடுக்குவாட்டில் அறுத்துப் பலகையாக்கி, இழைத்து, மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுப்பார்கள். அதன்மேல் ஓவியர் பேனாவால் நேரடியாக வரைவது ஒரு வழி. தாளில் வரைந்து, அதைப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே வெட்டுவது இன்னொரு வழி. தாளின் பின்பக்கம் கரியோ சாக்குப்பொடியோ தடவி, கோடுகளின் மேல் மொட்டை ஊசியை அழுத்தி இழுத்துப் படியெடுப்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் கத்தி இறங்க இறங்க வரைபடம் அழிந்துகொண்டே போகும். வேலை முடியும்போது பலகை மட்டும்தான் மிச்சம்.

தையல்காரர் துணியில் போடும் சாக்குக்கோடு மாதிரிதான் அந்த வரைபடம். சட்டை வந்த பிறகு அதைத் தேடுபவர் யார்?

மூன்றாவது வழியில் தாள் பிழைக்கும். ஆனால் பட்டறையில் கைமாறிக் கசங்கிய தாளை, அச்சு வந்த பிறகும் பத்திரப்படுத்த அன்று யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பலகையில் வரைந்த படம் பிழைக்க இன்னொரு வழி உண்டு: வேலை பாதியில் நின்றுபோக வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கலை அருங்காட்சியகத்தில் மரவெட்டுக்கான பலகைகளின், அதாவது கட்டைகளின், தொகுதி ஒன்று இருக்கிறது. ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் நகைச்சுவை நாடகங்களைப் படங்களோடு வெளியிட 1492 வாக்கில் பாசலில் திட்டம் போட்டார்கள். அச்சகம் யோஹான்னஸ் ஆமர்பாக்குடையது என்பது பொதுவான கருத்து. படங்கள் பலகையில் வரைந்தாகிவிட்டன. வெட்டும் வேலை ஒருசில கட்டைகளோடு நின்றுவிட்டது. லியோன் நகரில் 1493-இல் படங்களோடு ஒரு டெரன்ஸ் பதிப்பு வந்துவிட்டதால் இவர்கள் கைவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டைகள், பேனாக் கோடுகள் அப்படியே இருக்க, வெட்டப்படாமல் நிற்கின்றன. வரைந்தவர் அப்போது பாசலுக்கு வந்திருந்த இளைஞர் டூரர் என்று பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு.

யார் வரைந்தது என்ற வழக்கு எனக்கு இரண்டாம்பட்சம். அந்தக் கோடுகளின் நடத்தையைப் பாருங்கள். தாளில் தனக்காக வரைபவரின் கோடு தயங்கும், திரும்பி வரும், ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இந்தப் பலகைகளில் அது இல்லை. ஆடை மடிப்பா, இத்தனை வளைகோடு, இந்த இடைவெளி, இங்கே முடிவு. அடுத்து இதைத் தொடப்போவது வேறொருவரின் கத்தி என்று தெரிந்தே போட்ட கோடுகள். அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிப்ரவரி 5, சற்றுப் பின்னர்

நியூரம்பெர்க் நாளாகமத்தை நேற்றே சொல்லியிருக்கலாம். ஹார்ட்மன் ஷேடலின் உலக வரலாறு, 1493, அச்சிட்டவர் அன்டன் கோபெர்கர். படப் பொறுப்பு மிக்கேல் வோல்கெமுட், வில்ஹெல்ம் பிளைடென்வுர்ஃப் இருவருக்கும். சிறுவன் டூரர் தொழில் கற்றது இந்த வோல்கெமுட் பட்டறையில்தான், 1486 முதல். அந்த நூலுக்காகத் தயாரித்த மாதிரிப் பிரதிகள் நியூரம்பெர்க் நகர நூலகத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கத்தில் எழுத்து, எந்த இடத்தில் படம் என்று கையால் எழுதி, படத்துக்கான இடத்தில் அவசரக் கிறுக்கல்களாகப் போட்டுவைத்தவை. முகப்புப் படத்துக்கு வோல்கெமுட் பட்டறையில் 1490-இல் கவனமாகச் செய்த ஓவியம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே "தயாரிப்பு வரைபடம்" என்று ஒரே பெயரில் அடைக்க முடியாது. இடம் குறிக்கும் கிறுக்கல் ஒன்று, ஏற்பாட்டை யோசிக்கும் ஓவியம் ஒன்று, பலகையில் வெட்டுவதற்காகப் போடும் கடைசிக் கோடு ஒன்று. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முதல் இரண்டு வகை.

பிப்ரவரி 8

"பலகையில் இருப்பதை அப்படியே வெட்டுவதுதானே, இதில் வெட்டுபவரின் கலை எங்கே வந்தது?" என்று ஒருவர் எழுதியிருந்தார். கத்தி பிடித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

என்னிடம் அச்சுக்கலை பழக வரும் பெண் ஒருத்தி டூரரின் ஒரு மேகத்தை எடுத்து வெட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். பேரிக்காய் மரம் நமக்கு எங்கே கிடைக்கும்? சிற்பத் தச்சர் ஒருவரிடம் மஞ்சக்கடம்புத் துண்டு வாங்கி, மேலே வெள்ளை பூசி, கோடுகளைப் படியெடுத்துக் கொடுத்தேன். மரத்தின் இழை ஓடும் திசையிலேயே போன கோடுகள் சுலபமாக வந்தன. இழைக்குக் குறுக்கே வளைந்த கோட்டில் கத்தி மாட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் பலம் கொடுத்தாள், மேட்டின் ஓரம் சில்லாகப் பெயர்ந்து வந்துவிட்டது. "அக்கா, ஒரு கோட்டுக்கு எத்தனை தடவை வெட்டணும்?" என்றாள்.

எண்ணிப் பாருங்கள். கோட்டின் ஒரு பக்கம் சாய்வாக ஒரு வெட்டு, அதற்கு எதிர்ச்சாய்வில் இன்னொரு வெட்டு. இரண்டும் அடியில் சந்தித்தால்தான் நடுவிலிருக்கும் மரம் நூலாகப் பிரிந்து வரும். மறுபக்கமும் இதே. பேனா ஒரே இழுப்பில் போட்டதைக் கத்தி நான்கு இழுப்பில் விட்டுவைக்கிறது.

குறுக்குக்கோடு இன்னும் பொல்லாதது. பேனாக்காரர் நிழலுக்காக ஒரு திசையில் பத்துக் கோடு, அதற்குக் குறுக்கே பத்துக் கோடு என்று நொடியில் போட்டுவிடுவார். வெட்டுபவருக்கு அங்கே கோடே கிடையாது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் சின்னஞ்சிறு சாய்சதுரங்கள்தான் வேலை. ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் கீறித் தனித்தனியாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒரு மூலையில் கத்தி முனை மயிரிழை தாண்டினால் போதும், இரண்டு கோடும் அறுந்துவிடும்.

இதனால்தான் நல்ல ஓவியர்கள் மரத்துக்கென்று தனியாக வரைந்தார்கள். விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலுக்காக டூரர் செய்த 1498 தொகுதியில், அந்தப் பதினைந்து பெரிய படங்களில், நிழல் பெரும்பாலும் ஒரே திசையில் வளைந்து செல்லும் கோடுகளால் வருகிறது. உடலின் திரட்சிக்கு ஏற்பக் கோடு தடிக்கிறது, மெலிகிறது. கத்தியால் எதைச் சுத்தமாகக் கொடுக்க முடியும் என்று தெரிந்த கை அது.

பிப்ரவரி 9

அந்தக் கத்தியும் டூரர் கையில்தான் இருந்ததா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தொடக்க காலத்தில் அவரே வெட்டினார் என்ற கருத்து வெகுநாளாக உண்டு. எதிர்க்கருத்தும் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் சிங்கத்தோடு போராடும் சிம்சோன் படத்தின் அசல் கட்டை இருக்கிறது, 1497-98 வாக்கில் செய்தது. அதை வைத்தும் இந்த விவாதம் நடந்திருக்கிறது.

1528-இல் வெளிவந்த மனித உடல் அளவைகள் பற்றிய நூலில் டூரரே ஒரு விஷயம் சொல்கிறார்: ஒருவர் அரைத் தாளில் ஒரே நாளில் பேனாவால் போடுவதோ, சிறு கருவியால் சின்ன மரத்துண்டில் வெட்டுவதோ, இன்னொருவர் ஓராண்டு உழைத்துச் செய்யும் பெரிய வேலையைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்கிறார். பேனாவையும் வெட்டுக் கருவியையும் அவர் ஒரே மூச்சில் சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவரே வெட்டினார் என்பதற்கு இதைச் சான்றாக எடுக்க மாட்டேன். வெட்டுவதை அவர் தாழ்வாக நினைக்கவில்லை என்பதற்கு எடுத்துக்கொள்வேன்.

பிற்காலத்தில் பெரிய வேலைகளை வெட்டியவர் பெயர் நமக்குத் தெரியும்: ஹீரோனிமுஸ் ஆண்ட்ரே, நியூரம்பெர்க்காரர். பேரரசர் மாக்ஸிமிலியனுக்காகச் செய்த வெற்றி வளைவு என்ற மிகப் பெரிய அச்சுப்படம், 1515 என்று தேதியிட்டது, 195 கட்டைகள், எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதை வெட்டியது அவருடைய பட்டறை. அவர் வேலை செய்வதைப் பார்க்கப் பேரரசர் அவருடைய சந்துக்கே அடிக்கடி வண்டியில் வந்தார் என்று அதே ஊர் எழுத்துக்கலை ஆசான் நாய்டோர்ஃபர் 1547-இல் எழுதி வைத்திருக்கிறார். ஓவியரைப் பார்க்கப் பேரரசர் போன கதைகள் நிறைய உண்டு. வெட்டுபவரைப் பார்க்கப் போன கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பிப்ரவரி 9, இரவு

1568-இல் பிராங்ஃபுர்ட்டில் வந்த தொழில்கள் பற்றிய படநூலில், படங்கள் யோஸ்ட் அம்மன், செய்யுள் ஹான்ஸ் ஸாக்ஸ், வரைபவர் ஒரு பக்கத்திலும் வெட்டுபவர் இன்னொரு பக்கத்திலும் இருக்கிறார்கள். வரைபவர் தான் லிண்டன் மரப்பலகையில் வரைவதாகச் சொல்கிறார். வெட்டுபவர், பேனாவால் தனக்குப் பலகையில் வரைந்து தருவதைத் தன் கருவியால் வெட்டுவதாகச் சொல்கிறார். இரண்டும் வெவ்வேறு தொழில்.

பிப்ரவரி 13

டூரரின் காண்டாமிருக மரவெட்டைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள்.

குஜராத் சுல்தான் இரண்டாம் முஸாஃபர் ஷா போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க்கிக்குக் கொடுத்த விலங்கு அது. கப்பலேறி 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. அங்கிருந்து ஒரு கடிதமும் ஒரு படமும் நியூரம்பெர்க் போய்ச் சேர்ந்தன. டூரர் அந்த விலங்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. போர்த்துக்கீசிய மன்னர் அதைப் போப் பத்தாம் லியோவுக்குப் பரிசாக அனுப்ப, 1516 தொடக்கத்தில் இத்தாலியக் கரையருகே கப்பல் மூழ்கி விலங்கும் இறந்தது.

டூரரின் பேனா ஓவியம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் விலங்கு இடப்பக்கம் பார்த்து நிற்கிறது, அச்சில் வலப்பக்கம். ஓவியத்தில் கடிதத்தின் வாசகம் படத்துக்குக் கீழே கையெழுத்தில் இருக்கிறது, அச்சில் அது மேலே அச்செழுத்தாக ஏறியிருக்கிறது. இரண்டிலும் ஆண்டு 1513 என்று பிழையாகவே இருக்கிறது.

படத்துக்கு வருவோம். ஓவியத்தில் தோலின் மடிப்புகளைப் பேனா தேடித்தேடிப் போகிறது. இந்தப் பகுதி எலும்பா, மடிப்பா, ஓடா என்று கை யோசிப்பது தெரிகிறது. அச்சில் தேடல் முடிந்துவிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் விளிம்பு வந்திருக்கிறது, விளிம்புக்குள் வட்டம் வட்டமாகச் செதில் வேலை, கால்களில் மீன் செதில் மாதிரி அடுக்கு. விலங்கு கவசம் போட்டுக்கொண்டது. செய்தியிலேயே ஆமை ஓடு பற்றி இருந்தது, அதனால்தான் இப்படி என்று சொல்வார்கள். அதோடு மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மங்கலான சாயலை மரவெட்டுக்குச் சொல்லத் தெரியாது. பகுதிக்கு விளிம்பு கொடு, உள்ளே அடையாளம் போடு என்றுதான் கேட்கும். வெட்டத் தோதாகப் படத்தை மறுபடி வரையும்போது அந்த விலங்கு இறுகிப்போகிறது. லண்டன் ஓவியத்துக்கும் பலகைக்கும் நடுவே இன்னொரு வரைபடம் இருந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கத்தி தின்றது அதைத்தான்.

அதே 1515-இல் ஆக்ஸ்பர்க்கில் ஹான்ஸ் பூர்க்மயரும் இதே விலங்கை மரவெட்டாகச் செய்தார். முன்கால்கள் கட்டப்பட்டு நிற்கும் எளிமையான விலங்கு. ஒரே ஒரு பிரதி மட்டும் வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் எஞ்சியிருக்கிறது. டூரருடையது பதிப்பு மேல் பதிப்பாகப் போய்க்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 14

இடவலம் மாறுவது பற்றி. நேரடியாகப் பலகையில் வரைந்தால் அச்சில் எல்லாம் திரும்பிவிடும். ஆசி கொடுக்கும் வலக்கை இடக்கையாகும், வாள் கைமாறும், எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிடும். ஆகவே பலகையில் வரையும்போதே மாற்றி வரைய வேண்டும், தன் முத்திரை எழுத்தைக்கூட. தாளைக் குப்புற ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை, வரைந்த திசையிலேயே அச்சு வரும்.

அருங்காட்சியகங்கள் இப்போது பெரிய அளவில் இணையத்தில் படங்களை வைத்திருக்கின்றன. ஓவியத்தையும் அச்சையும் பக்கத்தில் வையுங்கள். திசை ஒன்றாக இருக்கிறதா, மாறியிருக்கிறதா, அளவு ஒத்துப்போகிறதா, ஊசி அழுத்திய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். மூலம், நகல், முன்யோசனை எது என்று பாதி அங்கேயே பிடிபடும். "அச்சைப் பார்த்துப் பின்னால் யாரோ வரைந்த நகல்" என்ற சந்தேகத்தையும் எப்போதும் கையில் வைத்திருங்கள், பழைய சேகரிப்புகளில் அது சகஜம்.

பிப்ரவரி 18

ஆக்ஸ்பர்க்கில் பேரரசரின் வேலைகளை வெட்டியவர் யோஸ்ட் டி நெகர். 1512-இல் பேரரசருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உதவிக்கு இன்னும் வெட்டுபவர்கள் வேண்டும், ஆனால் அவர்கள் செய்ததைக் கடைசியில் நானே என் கையால் முடித்துக் கொடுப்பேன், எல்லாக் கட்டைகளும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் வெட்டியதாக யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று அதில் சொல்கிறார்.

இதைப் படித்த பிறகு "அப்படியே வெட்டுவதுதானே" என்ற கேள்விக்கு எட்டாம் தேதி சொன்ன பதிலை இன்னும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே வெட்டுவதன் கஷ்டத்தைச் சொன்னேன். கஷ்டம் மட்டும் என்றால் அது உழைப்பு. ஒரே வரைபடத்தை இரண்டு பேர் வெட்டினால் இரண்டு விதமாக வரும் என்பதை அந்தத் தொழிலாளிகளே அறிந்திருந்தார்கள், பேரரசரும் அறிந்திருந்தார். அதனால்தான் "ஒரே கை" என்பது கடிதம் எழுதி உறுதி கொடுக்க வேண்டிய விஷயமாக இருந்தது. அவர்கள் அதை மறைக்கப் பாடுபட்டார்கள், மறைத்ததில் வென்றதால் நாமும் மறந்துவிட்டோம்.

பிப்ரவரி 19

ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசக் கூடாது. சாவு எலும்புக்கூடாக வந்து எல்லாரையும் அழைத்துப்போகும் சாவின் நடனப் படங்கள், 1520-களின் நடுவில் பாசலில் வரைந்தவை. ஒவ்வொன்றும் ஆறரை சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் அகலம். வெட்டியவர் ஹான்ஸ் லுட்ஸல்பூர்கர். அந்தச் சிறிய இடத்தில் ஜன்னல் கண்ணாடியின் கட்டங்கள், மெத்தையின் மடிப்பு, எலும்புக்கூட்டின் நக்கல் சிரிப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்திருக்கிறார். கோமாட்டி வரும் படத்தில் கட்டில் காலில் ஹெச், எல் என்ற அவருடைய எழுத்துக்கள் இருக்கின்றன. ஹோல்பைனின் கையொப்பத்தை அங்கே தேடாதீர்கள்.

1526-இல் லுட்ஸல்பூர்கர் இறந்துவிட்டார், வேலை முடியாமல். கட்டைகள் கடனுக்கு ஈடாக லியோன் அச்சகத்தார் டிரெக்ஸல் கைக்குப் போயின. 1538-இல்தான் 41 படங்களோடு நூல் வந்தது. அதன் முன்னுரையில் இறந்துபோன கைவினைஞருக்காக வருந்துகிறார்கள், அவர் போய்விட்டதால் மிச்சப் படங்களை முடிக்க ஆளில்லை என்கிறார்கள். ஹோல்பைன் அப்போது உயிரோடு லண்டனில் இருந்தார். வரைந்தவர் உயிரோடிருக்கும்போதே, வெட்டியவர் இல்லை என்பதால் வேலை நின்றது! இதைவிடத் தெளிவாக யார் என்ன சொல்ல முடியும்? பிற்பாடு வேறு கைகள் வெட்டிச் சேர்த்த படங்களையும் முதல் தொகுதியையும் பெரிதாக்கிப் பாருங்கள், முகங்களின் கூர்மை குறைவது கண்ணில் படும்.

பிப்ரவரி 23

மூலிகை நூல்களைக் கேட்ட சித்த மருத்துவ மாணவருக்கு.

ஓட்டோ புருன்ஃபெல்ஸின் நூல், 1530, ஸ்ட்ராஸ்பர்க். படங்கள் ஹான்ஸ் வைடிட்ஸ். அவர் செடியை உள்ளபடி வரைந்தார்: வாடிய இலை, பூச்சி அரித்த ஓரம், ஒடிந்த தண்டு எல்லாம் உண்டு. இந்த நூலுக்காக அவர் செய்த வண்ண ஓவியங்கள் 20-ஆம் நூற்றாண்டில் பெர்ன் நகரில் கிடைத்தன. கிடைத்த இடம்தான் விசேஷம். ஃபீலிக்ஸ் பிளாட்டர் என்ற பாசல் மருத்துவரின் உலர்செடித் தொகுப்பில், செடிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. செடியின் உருவத்தைச் சுற்றிக் கத்தரித்து ஒட்டியிருந்தார் அவர். மரவெட்டுக் கத்தியிலிருந்து தப்பிய ஓவியம் கத்தரிக்கோலில் மாட்டியிருக்கிறது. ஆனாலும் அவர் சேர்த்துவைத்ததால்தான் அவை இன்று இருக்கின்றன.

அடுத்தது லியோன்ஹார்ட் ஃபூக்ஸ், 1542, பாசல். ஐந்நூறுக்கு மேல் செடிகள், ஒவ்வொன்றும் பக்கம் நிறைய. இந்த நூலின் கடைசியில் ஒரு படம் இருக்கிறது. அல்பிரெக்ட் மேயர் குவளையிலிருக்கும் செடியைப் பார்த்து வரைகிறார். ஹைன்ரிக் ஃபுல்மௌரர் அந்த வரைபடத்தைப் பலகைக்கு மாற்றுகிறார். கீழே வெட்டியவர், ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே, தனியாக. மூவருக்கும் பெயர் போட்டிருக்கிறது. நூலாசிரியர் தன்னோடு வேலை செய்தவர்களை இப்படி உட்காரவைத்துக் காட்டியதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது. ஸ்ட்ராஸ்பர்க்கின் மிகச்சிறந்த வெட்டுக்காரர் என்று ஸ்பெக்லேயைப் புகழ்ந்தும் எழுதியிருக்கிறார்.

அதே ஃபூக்ஸ் ஓவியர்களைக் கட்டுப்பாட்டிலும் வைத்திருந்தார். நிழல் போடுகிறேன் பேர்வழி என்று செடியின் உருவத்தை மறைக்க விடவில்லை என்று முன்னுரையில் சொல்கிறார். அதனால் அவருடைய படங்களில் வெறும் எல்லைக்கோடுதான் அதிகம், வண்ணம் தீட்ட இடம் விட்டு. வைடிட்ஸ் வரைந்தது அந்த ஒரு செடி. ஃபூக்ஸுக்கு வேண்டியது அந்த இனத்துக்கே பொதுவான செடி. வாடிய இலைக்கு அங்கே இடமில்லை. எனக்கு வைடிட்ஸ்தான் நெருக்கம், ஆனால் காட்டில் செடி தேடிப் போகிறவர் ஃபூக்ஸைத்தான் கையில் எடுப்பார்.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: அந்த நூலில் மிளகாய்ச் செடியின் படம் உண்டு, கோழிக்கோட்டு மிளகு என்ற பொருளில் ஒரு பெயரோடு. அமெரிக்காவிலிருந்து வந்த செடியை இந்தியாவிலிருந்து வந்ததாக ஜெர்மனியில் நினைத்திருக்கிறார்கள். படத்திலுள்ள காய்களின் உருவம் சரியாகவே இருக்கிறது.

பிப்ரவரி 24

இத்தாலியைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்ற குறைக்கு. ஒரு கதை, ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வஸாரி சொன்னது. பார்மிஜானினோ போலோன்யாவில் இருந்தபோது அன்டோனியோ டா டிரெண்டோ என்பவரை வைத்து, பல கட்டைகளில் சாயல் சாயலாக அச்சிடும் மரவெட்டுகளைச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் விடியற்காலை, ஓவியர் தூங்கிக்கொண்டிருந்தபோது, அன்டோனியோ பெட்டியைத் திறந்து செப்புத் தகடுகள், மரவெட்டு அச்சுகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். அச்சுகள் திரும்பக் கிடைத்தன. வரைபடங்கள் கிடைக்கவே இல்லை. அச்சுக்கான வரைபடத்துக்கு விலை உண்டு என்று ஒரு வெட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வெனிஸ் ஓவியர் டிஷனின் செங்கடல் மரவெட்டு, 12 கட்டைகள், ஒரு சுவரையே அடைக்கும். அதைத் தனிப் பதிவில்தான் பேச முடியும்.

பிப்ரவரி 28

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டவருக்கு. ஒரே ஒரு பொருள் என்றால் மெட்ரோபாலிடனில் உள்ள, பிளெமிஷ் ஓவியர் புரூகலின் கட்டையைச் சொல்வேன். சுமார் 1566. அழுக்கு மணப்பெண் என்ற நாட்டுப்புறக் கூத்துக் காட்சி. வெள்ளை பூசிய பலகையில் புரூகலே பேனாவால் வரைந்தது. வெட்டுபவர் ஒரு பகுதியில் வேலையைத் தொடங்கியிருக்கிறார், அங்கேயே நிறுத்திவிட்டார். 1570-இல், புரூகல் இறந்த மறு ஆண்டு, இதே காட்சி செப்புத் தகட்டு அச்சாக வெளிவந்தது. மரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டாத இடத்தில் பேனாக்கோடு வேகமாக, உயிரோடு, ஓரம் லேசாகப் பிசிறியபடி ஓடுகிறது. வெட்டிய இடத்தில் கோட்டின் இரண்டு பக்கமும் மரம் பள்ளமாகிவிட்டது. அங்கே கோட்டின் அகலத்தைக் கத்தி முடிவு செய்திருக்கிறது, பிசிறு போய்விட்டது. ஒரே பலகையில் இரண்டு நிலையும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. என் மாணவியைத் திரையில் இந்தப் படத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மஞ்சக்கடம்புத் துண்டை எடுத்து, பெயர்ந்துபோன பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தை இழைக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 3

வெட்டியவர்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்ற கேள்வி பாக்கி. மாக்ஸிமிலியனின் வெற்றி ஊர்வலம் என்ற அச்சுத் தொடருக்காக வெட்டிய கட்டைகள் நூற்றுக்கும் மேல் அல்பெர்டினாவில் இருக்கின்றன. பூர்க்மயர் உள்ளிட்ட பலர் வரைந்தது, டி நெகர் மேற்பார்வையில் வெட்டியது, ஒட்டினால் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும். அந்தக் கட்டைகளைத் திருப்பினால் பின்பக்கத்தில் வெட்டியவர்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன, பலவற்றில் தேதியோடு. ஆண்ட்ரேயும் தன் பெயரைக் கட்டைகளின் பின்னால் பொறித்திருக்கிறார். தாளில் அச்சாகாத பக்கம் என்பதால் நூல்களில் அவை ஏறவில்லை. ஓவியப் பட்டியல் தயாரிக்கும் நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். "டூரர், மரவெட்டு" என்று ஒரு வரியில் முடிக்காமல் வரைந்தவர், வெட்டியவர் என்று இரண்டு வரி போடுங்கள். பெயர் பதிவாகாத இடத்தில் அதையும் எழுதுங்கள்.